முந்தானையில் பத்து மணி

கவின் பி.சி.ஏ. முதல் வருடத்திலேயே நின்றுவிட்டான். இளம்பிள்ளையில் ஒரு தறிக்கூடத்தில், சேலையில் பூ விழுவதற்கான ஜக்கார்டு அட்டையில் ஓட்டை குத்தும் வேலை. கல்லூரியில் உருப்படியாகக் கற்றது இரும எண் ஒன்றுதான். கூடப் படித்த அக்சிலியாவுக்கு அது ஏறவே இல்லை. அவளுக்கு அட்டையைக் காட்டித்தான் புரியவைத்தான். ஓட்டை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர். நாலு இடம், இடதிலிருந்து எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. ஓட்டை விழுந்த இடங்களைக் கூட்டினால் எண். பிறகு சந்திக்கும் நேரத்தை இருவரும் இப்படித்தான் எழுதிக்கொண்டார்கள்.

காதல் விஷயம் தெரிந்ததும் வீட்டில் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு மாப்பிள்ளை பார்த்தார்கள். நிச்சயச் சேலைக்கு அவள் தன் அம்மா சகாயம்மாளை அந்தத் தறிக்கூடத்துக்கே இழுத்து வந்தாள். அந்த அம்மாவுக்குக் கவினின் பெயர் தெரியும், முகம் தெரியாது.

“இந்தக் கலரு எம்பொண்ணுக்கு எடுக்குமா தம்பி?”

“நல்லாருக்குங்கம்மா.”

“அந்த அண்ணன் எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்வாரு,” என்றாள் அக்சிலியா.

சகாயம்மாள் முதலாளியிடம் விலை பேசப் போன இடைவெளியில் அக்சிலியா குரலைத் தாழ்த்தினாள்.

“ஞாயித்துக்கெழம நிச்சயம். சனிக்கெழம காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்தர்றேன். எத்தன மணிக்கு?”

“நம்மள ஏத்திட்டுப் போற கார்காரன் இன்னும் நேரம் சொல்லல.”

“அப்ப முந்தானையில போட்டுடு. குஞ்சத்துக்கு மேல நாலு பூ எடம். எப்பவும் போல இடதுலருந்து.”

கார் பத்து மணிக்கு என்று முடிவானது. கவின் அட்டை குத்தினான். பூ, வெறுந்துணி, பூ, வெறுந்துணி. எட்டும் இரண்டும் பத்து. தறியில் குனிந்து சரிபார்த்துக்கொண்டான்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போய் நின்றான். அவள் வரவில்லை. மதியம் கார்காரன் போய்விட்டான். மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு இவனும் திரும்பினான்.

ஒன்பது நாள் கழித்து யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள்.

“ஏண்டா வரல? அஞ்சு மணிக்கே வந்து நின்னேன். ஏழு மணிக்குச் சித்தப்பா வந்து அத்தன பேரு முன்னால இழுத்துட்டுப் போனாரு.”

“பத்துல்ல போட்டேன்?”

“மொதல்ல வெறுந்துணி, அப்பறம் பூ. மறுபடி வெறுந்துணி, பூ. நாலும் ஒண்ணும் அஞ்சுதான.”

கவினுக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே சேலையைக் குப்புற நெய்வார்கள். தறியில் தெரிவது பின்பக்கம். கட்டும்போது முன்பக்கத்தில் இடது வலதாகிவிடும். பெயர் போடச் சொன்னால் எழுத்துகளைத் திருப்பிக் குத்த அவன் கைக்குத் தெரியும். பூவை யாரும் திருப்புவதில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் பூ பூதான்.

“நீ எண்ணுனது சரி. நாந்தான் திருப்பாம குத்திட்டேன். பத்து மணிக்கு வந்தேன் அக்சிலியா.”

மறுமுனையில் அவள் திருப்பி எண்ணிப் பார்ப்பது கேட்டது.

“இப்ப வந்துரு,” என்றான்.

“நேத்து மாதா கோயில் பூசையில எனக்கும் அந்தாளுக்கும் கல்யாண ஓல வாசிச்சு ஊருக்கே அறிவிச்சாச்சு. நான் சரின்னு சொல்லித்தான் வாசிச்சாங்க.”

“தெரியாமத்தான சொன்ன?”

“நீ இதச் சொல்லாமலே இருந்திருக்கலாம். வரலேன்னு உன்னத் திட்டிக்கிட்டாவது அந்தாளோட பொழச்சிருப்பேன்.”