ஏழாம் எண் தட்டு

"எவ்வளவு தூரம் வீசுவாரு?" என்று கடைப் பெண் கேட்டாள். பிப்ரவரியில் பக்கவாதம் வருவதற்கு முன்னால் என்றால் என் கணவன் ஓலவியின் தட்டு பைன் மரங்களைத் தாண்டித்தான் இறங்கும். இப்போது வலது கையால் காபிக் கோப்பையைப் பிடிப்பதே பெரும்பாடு.

காட்டுப் பாதையில் நட்டிருக்கும் கம்பிக் கூடைகளுக்குள் பிளாஸ்டிக் தட்டை வீசிச் சேர்க்கும் விளையாட்டு இது. தட்டின் மேல் அச்சடித்திருக்கும் முதல் எண் அதன் வேகம். பன்னிரண்டு, பதிமூன்று இருந்தால்தான் எங்கள் ஊர் ஆண்களுக்குக் கௌரவம். ஆனால் அதற்குக் கையில் பலம் வேண்டும். இல்லாவிட்டால் பாதியிலேயே இடப்பக்கம் சாய்ந்து புதருக்குள் போய்விடும். மெதுவாக வீசினாலும் சொன்ன வழியில் போகும் தட்டுதான் எனக்கு வேண்டும். எடை குறைந்த ஏழாம் எண் தட்டு ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் அவனுடைய பழைய வேகத் தட்டுகளை எல்லாம் விறகுக் கொட்டகையில் ஒளித்துவைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவன் யாரையும் பார்ப்பதில்லை. நண்பர்கள் வந்தால் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வான். ஆட்கள் வராத செவ்வாய்க்கிழமைக் காலை என்றதால்தான் விளையாடச் சம்மதித்தான். இன்றைக்குத் தட்டு புதருக்குள் போனால் இனி ஜென்மத்துக்கும் வெளியே வரமாட்டான்.

முதல் கூடைக்கு முன்னால் நின்று பையைத் திறந்தான்.

"எங்க... எல்லாம்?"

"வீட்டுல இருக்கு. இத வீசிப் பாரு."

"ஏழா? இது... சின்னப் பசங்க... வீசறது."

அவன் முகம் சிவந்துவிட்டது. நான் தட்டை அவன் கையில் திணிக்கும்போதே பின்னால் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம். ரைமோவும் இன்னும் இரண்டு பேரும்! இருபது வருடமாக இவனோடு ஆடுகிறவர்கள். பாழாய்ப் போனவர்களுக்கு இன்றைக்கா லீவு கிடைக்க வேண்டும்?

"அடேய், உயிரோடதான் இருக்கியா? வீசுடா, பின்னால ஆளுங்க நிக்கிறோம்ல!" என்று ரைமோ கத்தினான்.

ஓலவி என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்தே போனேன். பையில் வேறு தட்டும் இல்லை. காலை இழுத்துக்கொண்டு போய் நின்று வீசினான். தட்டு தள்ளாடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நேராப் போச்சுடா! என்ன தட்டு அது?" ரைமோவின் குரல்.

கண்ணைத் திறந்தேன். ரொம்பத் தூரமில்லை, ஆனால் பாதையின் நடுவில் கிடந்தது.

"ஏ... ழு," என்றான் ஓலவி. வெளி மனிதரிடம் அவன் பேசிக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது! "மீதிய... இவ திருடிட்டா."

"சிர்க்கா, என் பையையும் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடேன். பதிமூணா வாங்கி ஏரிக்குத் தானம் பண்ணிட்டிருக்கேன்," என்றான் ரைமோ என்னிடம்.

எல்லோரும் சிரித்தார்கள். ஓலவியும் சிரித்தான், வாய் ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு. பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நீ... வீட்டுக்குப் போ. ரைமோ கொண்டுவந்து... விடுவான்."

இதற்காகத்தான் இவ்வளவும் செய்தேன். ஆனாலும் இத்தனை மாதத்தில் அவனை ஒரு மணி நேரம்கூடத் தனியாக விட்டதில்லை. காட்டுப் பாதை முழுக்க மர வேர்கள். தடுக்கி விழுந்தால் இவர்களுக்குத் தூக்கத் தெரியுமா? மாத்திரை வேளை தெரியுமா? காரில் ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். நான் அங்கேயே காத்திருப்பதை அவன் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்ற பயத்தில் வண்டியைக் கிளப்பினேன்.