அடக்கி வைத்த இருமல்

விடிந்ததும் நல்லதம்பிக்கு இருமல் தொடங்கிவிடும். கொல்லையில் வைக்கோற்போர் ஓரமாகக் குந்தி, சாம்பல் போட்ட சிரட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு, குடலே வெளியே வந்துவிடும்போல் இருமுவார். கடலை மில்லில் பல வருஷம் சுவாசித்த தூசி நெஞ்சைக் கெடுத்திருந்தது.

இலுப்பூர் டாக்டர் கொடுத்திருந்தது சளியை இளக்கும் மருந்து. அதைக் குடிக்கத் தொடங்கியதிலிருந்து சளி நிறைய வந்தது, இருமலும் கூடியது. அவருக்கு மூச்சு லேசாயிற்று. ஆனால் அவர் மனைவி கண்ணாத்தாளுக்கு மனம் கனத்தது. வெள்ளிக்கிழமை மகள் பொன்னுத்தாய்க்குப் பரிசம் போட, பொன்னமராவதியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

"இந்தாங்க, அன்னிக்கு ஒரு நாளாச்சும் இருமாம இருக்கக்கூடாதா? சீக்காளி வீடுன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா?"

"இருமல் என்ன நம்ம வீட்டு மாடா, கட்டிப்போட்டாக் கெடக்க?" என்று அவர் சிரித்தார். சிரிப்பே இருமலாய் முடிந்தது.

கண்ணாத்தாள் கடைவீதிக்குப் போய் இருமலை அடக்கும் மருந்து வாங்கி வந்தாள். டாக்டர் மருந்தை நிறுத்தவும் மனம் வரவில்லை, இரண்டையும் கொடுத்தாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்த பாசம், அவ்வளவுதான். வியாழக்கிழமை முழுக்க இருமலே இல்லை. "பிள்ளையாரப்பா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கணவனின் நெஞ்சுக்குள் கொரகொரவென்று கேட்ட சத்தத்தை அவள் பெரிதாக எண்ணவில்லை.

மறுநாள் தாம்பூலத் தட்டு மாற்றும் நேரம். தட்டை வாங்க நல்லதம்பி கையை நீட்டினார். இருமல் முட்டிக்கொண்டு வந்தது. எதிரே நின்ற கண்ணாத்தாள், வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் அடக்கினார். உதடு நீலம் பாய, காற்றுக்கு வாய் திறந்தபடி அப்படியே சாய்ந்தார்.

மாப்பிள்ளையின் தாய் முத்துமாரியம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். அவரை முன்னால் குனியவைத்து முதுகில் தட்டினாள். "துப்புங்கண்ணே... அடக்காதீங்க!" என்று தன் பட்டு முந்தானையையே ஏந்தினாள். சளி வந்தது, கொஞ்சம் மூச்சும் வந்தது. வண்டி கட்டி இலுப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நடந்ததைக் கேட்ட டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்மாய்ச் சேத்தைக் கரைச்சுவிட்டுட்டு மடையை அடைச்சா, அது எங்கிட்டுப் போகும்மா? சளியை இளக்குறதுதான் மருந்தோட வேலை. வெளிய தள்ளுறது இருமல்தான். நுரையீரல்ல பொடிப்பொடியாக் காத்துப் பைங்க இருக்கு. அதுங்க சுருங்கி ஒட்டிக்கிடாம இருக்க, அங்க உள்ள உயிரணுக்களே ஒரு வழவழப்பைச் சுரக்குது. சளி தேங்கிச் சீழ் பிடிச்சா அதுவும் கெட்டுப்போகும்."

"அப்ப நீங்க குடுத்த மருந்து அந்த அணுவுக்கும் நல்லதுதானுங்களா?" என்று கேட்டாள் கண்ணாத்தாள்.

"அதை இன்னும் ஆராஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. தெரியாததைத் தெரியும்னு நான் சொல்லமாட்டேன். சளியைத் தேங்கவிடக்கூடாது, அது மட்டும் நிச்சயம்."

சாயங்காலம் நல்லதம்பி கண் திறந்தார். வராந்தாவில் கண்ணாத்தாள் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பரிசம் நின்னுபோயிருமோன்னு பயந்து, நானே அவரைக் கொல்லப் பாத்தேனே மதினி!"

"அட போங்க மதினி! கொட்டுச் சத்தத்துக்கு வாரவ, இருமல் சத்தத்துக்கு ஓடிருவேனா? நோவு வராத வீடு எங்க இருக்கு? நோவை மறைச்சா நோவு போகாது, ஆளுதான் போவாரு. வெக்கப்பட வேண்டியது சீக்காளி இல்ல, சீக்காளியைப் பாத்து முகஞ் சுளிக்கிறவக."

உள்ளே இருமல் சத்தம் கேட்டது. கண்ணாத்தாள் எழுந்து ஓடினாள். கணவனைத் தோளில் சாய்த்து, முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"நல்லா இருமுங்க. ஊரே கேக்கட்டும்."