அப்பா ஊரில் இல்லை

1

இந்தக் கதையைத் தொலைக்காட்சித் தொடரிலிருந்துதான் திருடினேன். அதில் ஒரு தாதா வருகிறார். கடத்தல், கப்பம், அடியாட்கள் என்று ஊரையே ஆட்டிவைக்கிறார். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் என் அம்மாவும் அக்காவும் சாப்பாட்டுத் தட்டோடு ஓடிவருவார்கள். நான் பார்ப்பது ஓரமாக நிற்கிற தாதாவின் மனைவியையும் மகளையும். இரண்டு பேருக்கும் வசனமே கிடையாது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

2

'அந்த மாளிகையில் ஒரு மர்மம்...' சே, வேண்டாம்.

'அவள் கண்களில் நீர்...' அழுகையைத் தொடரே பார்த்துக்கொள்ளும்.

நேராகவே சொல்கிறேன். அந்த வீட்டில் யார் மணி அடித்தாலும் மகள் கதவைத் திறக்காமல், "அப்பா ஊர்ல இல்லைங்க" என்று சொல்ல வேண்டும். அப்பா உள்ளே பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் சரி. "என் குரல்லயே எவனாவது பேசினாலும் திறக்காத" என்று பழக்கியதும் அவர்தான்.

3

ஒரு மதியம் அவரே சாவியை மறந்துவிட்டு வந்து மணி அடிக்கிறார்.

"அப்பா ஊர்ல இல்லைங்க."

"அடியே, நான்தான்டி அப்பா!"

"அப்படித்தான் சொல்வாங்கன்னு அப்பா சொல்லியிருக்காரு."

மனைவி கரண்டியோடு வருகிறாள்.* "யாருடி?"

"அப்பான்னு சொல்றாரும்மா."

வெளியிலிருந்து அவர் கத்துகிறார்: "விளையாடாதீங்க! என்னைத் தீர்த்துக்கட்டத் தேடுறானுங்களே, தெருமுனையில அவனுங்க கார் நிக்குது!"

"அப்பான்னா சொல்லுங்க. நான் எத்தனாவது படிக்கிறேன்?"

வெளியே அவர் விரல்விட்டு எண்ணுகிறார். பிறகு, "எட்டு... இல்ல, ஒன்பது. ஒன்பதுதானே செல்லம்?"

"ஸ்கூலை விட்டே ஒரு வருஷமாச்சு. வகுப்பு வாசல்ல உங்க அடியாள் வந்து நின்னா, எவ என் பக்கத்துல உக்காருவா?"

(மகள் ரொம்ப வாயாடுகிறாளோ? நானாக இருந்தால் பேசாமல் திறந்துவிட்டிருப்பேன். அதனால்தான் அவளைப் பேசவிட்டிருக்கிறேன்.)

* தொடரில் அவள் கையில் எப்போதும் கரண்டிதான். நான் பொறுப்பல்ல.

4

முடிவு ஒன்று: கதவு திறக்கிறது, மகள் ஓடிப்போய் அப்பாவைக் கட்டி... இல்லை, எழுதிய வரியை அடித்துவிட்டேன். ஒரு வருஷத்தை அவ்வளவு மலிவாகத் தர முடியாது.

முடிவு இரண்டு: திறக்கவில்லை, டுமீல். அதையும் அடித்துவிட்டேன். துப்பாக்கி வந்தால் எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள்.

இப்போது மனைவியின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. கதவை அவள் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கிறாள். இத்தனை நாளாகத் தொடர் அவளுக்குத் தராத வசனத்தை நான் தருகிறேன்:

"நீ சொல்லு. திறக்கட்டுமா?"

மகளின் பதிலை நீங்கள்தான் எழுத வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். தெருமுனையில் கார் கிளம்பிவிட்டது.