அடுப்பு மூட்டாத ஐந்து நாள்

சிப்பாய்கள் எங்கள் ஊரைக் கொளுத்தியபோது பெத்தேன் என்னும் மழைக்காட்டுக்குள் ஓடித் தப்பியவர்கள் பதினேழு பேர். எங்கே படுப்பது, எப்போது அடுப்பு மூட்டுவது என்று சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. என் தங்கை தோமாசாவும் கூட இருந்தாள், நாற்பது நாள் பெண் குழந்தையோடு.

கொண்டுவந்த மக்காச்சோளம் தீர்ந்தது. தோமாசாவுக்குப் பால் வற்றியது. மரப்பிசின் எடுக்கும் முகாம்களில் சமைத்த இலாரியா அக்கா, மடி நிறைய ரமோன் மரத்துக் கொட்டை பொறுக்கி வந்தாள்.

"கோவேறு கழுதைத் தீனியாச்சே இது?" என்றேன்.

"கழுதைக்கு இலை, மனுசனுக்குக் கொட்டை. கல்மேடெல்லாம் கட்டினாங்களே பழைய ஆளுங்க, அவங்க நட்ட மரமாம். சோளம் பொய்ச்சா இதுதான் சோறு. பிள்ளை பெத்தவளுக்கு நாலு நாள் குடு, பால் தானா இறங்கும். ஆனா வேகவைக்கணும்."

அன்று ஹெலிகாப்டர் மரங்களுக்கு மேலே சுற்றியது. புகை கூடாது என்றேன். தோமாசா பச்சையாகவே மென்றாள். காலி வயிறு, வாந்தி எடுத்தாள்.

மூன்றாம் நாள் வானம் அமைதியாக இருந்தது.

"அண்ணே, ஒரே ஒரு பானை. சீக்கிரம் அணைச்சிடுறேன்."

"உன் ஒரு பானைக்கு எல்லாரும் சாகணுமா?"

அவள் பானையைக் கவிழ்த்து வைத்தாள். ஐந்தாம் நாள் நண்பகலில் குழந்தை இறந்தது. வேர்களுக்கு நடுவே வெட்டுக்கத்தியால் குழி தோண்டினேன்.

மறுநாள் காலை காடே தெரியாத மூடுபனி. புகை அதில் கரைந்துவிடும். நானே தீ மூட்டினேன். அவித்து, அரைத்து, இலாரியா அக்கா அடை தட்டினாள்.

"இப்ப எதுக்கு?" என்றாள் தோமாசா. ஆனாலும் தின்றாள். பசி.

பனி மூடிய ஒவ்வொரு காலையும் அவித்தோம்; நான்கே நாளில் அவள் ரவிக்கை நனைந்தது. மரத்தின் பக்கம் திரும்பி நின்று பாலை மண்ணில் பீய்ச்சினாள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

அடுத்த நாள் லூக்காஸ் என்றொருவன் எங்களைக் கண்டுபிடித்து வந்தான். கையில் ஆண் குழந்தை, அழக்கூட வலுவில்லாமல். தாயைச் சுட்டுவிட்டார்கள்; அதுமுதல் கஞ்சித் தண்ணீர்தான். தோமாசா ஒன்றும் கேட்காமல் வாங்கி மார்பில் போட்டாள்.

"புகை தெரியுமோன்னு அஞ்சு நாள் அடுப்பே மூட்டல. சிப்பாய்ங்க எவ்வளவு தூரத்துல இருக்காங்க?" என்று கேட்டேன்.

"இங்க ஏது? ஹெலிகாப்டர் சுத்தின மறுநாளே அவங்க வடக்க போயிட்டாங்களே. நீங்க தாராளமா அடுப்பு மூட்டியிருக்கலாமே!"

தோமாசா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு குழந்தையை அடுத்த மார்புக்கு மாற்றினாள்.

அந்தப் பையன் பிழைத்தான். எல்லைக்கு அப்பால் அகதி முகாமில் அவளைத்தான் அம்மா என்கிறான். என்னை மாமா என்று கூப்பிட அவள் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.