சி டிரைவில் இடமில்லை

அன்று மழை பெய்ததா இல்லையா என்பதில் எனக்கு உறுதியில்லை. நாற்காலி முதுகுகளில் ஈரத் துணி தொங்கியதாக மனதில் ஒரு படம் இருக்கிறது. அது வேறொரு நாளாகவும் இருக்கலாம். இதை எனக்குச் சொன்ன அண்ணி, கொழுந்தன் இருவருமே முன்னும் பின்னுமாகத்தான் சொன்னார்கள். ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் நடுவில் புகுந்து, அப்படி இல்லை என்பார். பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த மௌனங்களை நானாக நிரப்பிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் இடமில்லாமல் போனது மட்டும் நிச்சயம்.

அந்தக் கொழுந்தனை வீட்டில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவன் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பவன். பையில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பவனுக்குக் கம்ப்யூட்டரும் தெரிந்திருக்கும் என்பது அந்தக் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. அதை மறுத்துச் சொல்ல அவனுக்கும் என்றைக்குமே வாய் வந்ததில்லை. பாதி தெரியும், மீதியைச் சமாளித்துவிடுவான்.

அன்று கூப்பிட்டது அவன் அண்ணி. பல வருடங்கள் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கியே முதுகு போய், வேலையை விட வேண்டியதாயிற்று. விட்ட பிறகு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே பகல் முழுவதும் கழித்தாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், தானாக ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்த நாட்களில் அவன் அண்ணன் வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டான். கலகலவென்றிருந்த ஒருத்தி அப்படி அடங்கிப்போனதைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இருக்கவில்லை.

அதிலிருந்து அவளை எழுப்பியது ஒரு புத்தகம். நர்ஸிங் படிக்கும் பெண்களுக்கான பாடநூல். பதிப்பகத்தில் இருந்த பழைய தோழி ஒருத்தி அதை மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு பார்வை பார்த்துத் திருத்திக் கொடு என்றிருந்தாள். படுக்கையில் இருப்பவரைப் புரட்டுவது பற்றி அதில் எழுதியிருந்தவர், ஆயுளில் ஒருவரையும் புரட்டியிருக்கமாட்டார் என்பது அண்ணிக்கு முதல் பாடத்திலேயே தெரிந்துவிட்டது. பார்வை பார்ப்பதோடு நிற்கவில்லை அவள். எந்தக் கையை எங்கே கொடுப்பது, தொடுவதற்கு முன் என்ன சொல்வது, எப்போது சும்மா நிற்பது என்று பாடம் பாடமாகத் திருப்பி எழுதினாள். எழுத எழுதப் பேச்சும் திரும்பி வந்தது. கொழுந்தனைக் கேலி செய்யும் பழக்கமும் கூடவே வந்தது.

வேலை முடிந்து மறுநாள் அனுப்ப வேண்டும் என்ற நிலையில்தான் லேப்டாப் படுத்தது. எதைச் செய்தாலும் இடம் போதவில்லை என்று ஒரு பெட்டி முன்னால் வந்து நின்றது. சி டிரைவ் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் கோடு முழுக்கச் சிவப்பு.

“டாக்டரு, இதுக்கு மூச்சு முட்டுது. வந்து பாரு.”

அவன் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான். பக்கத்து அறையில் பஸ் டிரைவரான அண்ணன், காலை ஷிப்ட் முடிந்து வந்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

“எல்லாம் தற்காலிகக் கோப்பு அண்ணி. ஒவ்வொரு வேலை செய்யும்போதும் அது பாட்டுக்கு ஒண்ண உருவாக்கும், அப்புறம் அள்ளிப் போடாது. வயித்தக் கழுவிட்டா சரியாயிடும்.”

“எனிமாதான? குடு, குடு. நான் பாக்காததா.”

உங்கள் வேலை எல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கத்தான் செய்தான். உள்ளேதான் இருக்கிறது என்றாள் அவள். அவனுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. சொன்ன அவளுக்கும் அது சரியாகவே பட்டது. பிறகு யோசித்துப் பார்த்தபோது இருவரும் வியந்தது இதைத்தான்.

தற்காலிகக் கோப்புகள் சேரும் டெம்ப் என்ற கோப்புறையைத் திறந்தான். பெயர் தெரியாத குப்பை வரிசை வரிசையாக வந்தது. மொத்தத்தையும் குறித்து அழித்தான். குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். அப்படியும் கோடு சிவப்பாகவே இருக்க, சுத்தம் செய்வதற்கென்றே உள்ள ஒரு புரோகிராமை ஓடவிட்டான். எதை எதை அழிக்கலாம் என்று கேட்டு அது கட்டம் கட்டமாகக் காட்டியது. கட்டத்தைக் கண்டால் டிக் போடும் கை அவனுடையது, எல்லாவற்றிலும் போட்டான். கொஞ்ச நேரம் எதுவோ ஓடியது. சிவப்புக் கோடு சுருங்கி, பாதிக்கும் கீழே போய், நீலமாயிற்று.

“பாத்தீங்களா?” என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

அண்ணி உட்கார்ந்து, தான் எழுதும் புரோகிராமைத் திறந்தாள். இடது பக்கத்தில் புத்தகத்தின் பெயர் எப்போதும் முதலில் நிற்கும். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது.

“இங்கதான இருக்கும்,” என்றாள்.

பட்டியலையும் சேர்த்துத் துடைத்துவிட்டோம் போலிருக்கிறது, பரவாயில்லை, கோப்பு இருக்கும் என்று அவன் பெயரைப் போட்டுத் தேடினான். எதுவும் அகப்படவில்லை. மின்னஞ்சலுக்குப் போய் அங்கிருந்து திறந்தான். புத்தகம் திறந்தது. புரட்டுவது பற்றிய இடத்தில், நோயாளியை இடப்புறமாகப் புரட்டவும் என்று தோழி அனுப்பிய அதே ஒரு வரிதான் இருந்தது. அவள் எழுதியது எதுவும் அதில் இல்லை.

தினமும் எப்படித் திறப்பீர்கள் என்று கேட்டான். அவள் நிதானமாகச் சொன்னாள். முதல் நாள் மின்னஞ்சலில் வந்ததை அங்கேயே கிளிக் செய்து திறந்தாளாம். அதிலேயே எழுதி, சேமி என்பதை அழுத்தினாளாம். மறுநாளிலிருந்து இடது பக்கப் பட்டியலில் பெயரைத் தொட்டால் வந்துவிடுமாம். தனியாக எங்கும் எடுத்து வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவுமில்லை.

ஓர் இடத்தில் வைக்காமல் அப்படியே திறப்பதைக் கம்ப்யூட்டர் ஒரு தற்காலிக இடத்தில்தான் போட்டு வைக்கும். தற்காலிகமான எல்லாவற்றையும் அவன் இப்போதுதான் தன் கையால் துடைத்திருந்தான்.

அதை அவளிடம் சொன்னான். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜ் ஒரு முறை உறுமி ஓய்ந்தது. திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது அவனுக்கு. அவள் பார்வை திரையிலிருந்து மெல்ல விலகி ஜன்னல் பக்கம் போயிற்று. அங்கே அந்த நாற்காலி இருந்தது, இப்போது துணி மடித்து வைக்கும் இடமாகியிருந்தது. அவள் எழுந்துபோய் அந்தத் துணிகளை எடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாளோ என்று அவன் பயந்தான்.

பேச்சே இல்லாததில் அண்ணன் விழித்துக்கொண்டார் போலிருக்கிறது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

“ரிவர்ஸ் எடுக்க முடியாதாடா?”

“முடியாதுண்ணே.”

“முழுசாப் போச்சா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் மனைவியின் தோளில் கை வைத்துக்கொண்டு பின்னால் நின்றார்.

அப்போதுதான் அண்ணி வாயைத் திறந்தாள். “முதல் தடவை எழுதும்போது யோசிக்கவே இல்ல. கை தானா எழுதிச்சு. இனிமே ஞாபகப்படுத்திப் படுத்தித்தான் எழுதணும். அது வேற மாதிரிதான் வரும்.”

பிறகு நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சரி, அந்தப் பழசையே திற. தோழிகிட்ட நாள் கேட்டுக்கறேன். இந்தத் தடவையாவது அத ஒழுங்கா ஒரு எடத்துல வச்சுக் குடு.”

அவள் ஜன்னல் பக்கம் போகாமல் மேஜைக்கு வந்ததே அவனுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அவசரமாக மின்னஞ்சலிலிருந்து பழைய கோப்பைத் திறந்து, வேறிடத்தில் சேமி என்பதை அழுத்தினான். எங்கே வைப்பது என்று கேட்கும் பெட்டி திறந்தது. அந்தக் கோப்பு அந்த நேரத்தில் எங்கே கிடக்கிறதோ, அந்த இடத்தையே அது முதலில் காட்டியது.

அவன் பார்த்தறியாத இடம். எழுத்தும் எண்ணும் கலந்துகட்டிய, வாயில் நுழையாத பெயர். மின்னஞ்சல் புரோகிராம் தனக்கென்று வைத்திருக்கும் மறைவான பொந்து. தேடினாலும் அகப்படாது, டெம்ப் கோப்புறைக்குள்ளும் வராது. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயும் கை வைத்திருப்பான்.

உள்ளே புத்தகத்தின் பெயர் இரண்டு தடவை இருந்தது. ஒன்று இப்போது திறந்த பழையது, பெயரின் பின்னால் ஒரு எண் சேர்ந்திருந்தது. எண் இல்லாத மற்றொன்றின் பக்கத்தில் நேற்றைய தேதி.

அவன் அதைத் திறந்தான். பக்கங்கள் ஓடி நின்றன. அண்ணி முன்னால் சாய்ந்து, உதடு அசைய, மெதுவாக வாசித்தாள்.

“முதலில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் உங்களைப் பார்த்த பிறகு தொடுங்கள்.”

நிறுத்தினாள். உள்ளங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் பெருமூச்சு விட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். அவனுக்கோ போன உயிர் திரும்பி வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் தடுமாறுவது போல இருந்தது. தண்ணீர் எடுக்கப் போகிறவனைப் போல எழுந்து, சமையலறையில் கொஞ்ச நேரம் வெறுமனே நின்றான்.

திரும்பி வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நீ சரியா கழுவல.”

“இல்ல அண்ணி.”

“நல்ல வேள. எங்க வார்டுல இப்படிக் கழுவியிருந்தா அன்னைக்கே தொரத்தியிருப்பேன்.”

கோப்பை டெஸ்க்டாப்பில் வைத்தான், பென் டிரைவில் வைத்தான், அவளுடைய மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பினான். அப்படியும் அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. என் போனிலும் ஒன்று போடு, நான் தொடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டார். பிறகு மூவரும் டீ குடித்தார்கள். யாரும் அதிகம் பேசவில்லை. அந்த மௌனம் யாருக்கும் கனக்கவில்லை என்று இருவருமே சொன்னார்கள். அந்த ஒன்றில் மட்டும் அவர்களுக்குள் தகராறு இல்லை.

புத்தகம் மறுநாள் போயிற்று. அச்சாகி வந்தபோது உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் அண்ணியின் பெயர் இருந்தது. அவள் இப்போது குழந்தைகள் வார்டு பற்றிய பாகத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. அண்ணன் பஸ் ஓட்டுவதை விட்டு டெப்போவில் புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அந்த லேப்டாப் அடுத்த கோடையில் ஒரேயடியாக நின்றுபோய், பழைய சாமான் வாங்குபவரிடம் போய்விட்டது. டாக்டர் இன்னமும் ஜெராக்ஸ் மெஷின்தான் பழுது பார்க்கிறான். யார் வீட்டிலாவது கம்ப்யூட்டரில் இடமில்லை என்று கூப்பிட்டால் போகிறான். அவர்கள் வேலையைத் திறந்து கண்ணில் காட்டும் வரை எதையும் தொடுவதில்லை.