தொலைபேசியில் சொன்ன தேர்தல்

தேர்தல் நாளான அந்த ஞாயிறு மாலை, புலம்பெயர்ந்த தமிழர் வாழும் செயின்ட்-மிஷேலில் ஒரு வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கே பேர்: வீட்டுக்காரர் யோகேந்திரன், அவர் மனைவி குணேஸ்வரி, நகரசபைத் தேர்தலில் நின்ற மகள் அஜந்தா, அவளுக்காகக் காலையிலிருந்து வாக்காளரைக் காரில் ஏற்றி இறக்கிய மன்னார்க்காரர் கிறகரி. வேறு ஒருவரும் வரவில்லை. ஊருக்கே போதுமென்று பொரித்த ரோல்ஸ் மேசையில் ஆறிக் கிடந்தது.

யோகேந்திரன் வேட்டி சால்வையுடன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய பரம்பரையில் எவரும் எதையும் கேட்டு இன்னொருவன் படி ஏறியதில்லை. மாப்பிள்ளை கேட்டுக்கூடப் போனதில்லை. மாப்பிள்ளை வீட்டார்தான் வந்தார்கள். மகள் தேர்தலில் நிற்கப்போகிறேன் என்றதும் அவர் விதித்த கட்டளையும் அதுதான். வெள்ளைக்காரரையும் ஹெயிட்டிக்காரரையும் அவள் போய்ப் பார்க்கட்டும். தமிழ் வீட்டுக் கதவு ஒன்றையும் அவள் தட்டக்கூடாது. எங்கள் சனத்துக்கு அவர் சொல்லிவிடுவார்.

மற்றவர்களின் வாக்குகள் இரண்டு கட்சிகளுக்குப் பிரிந்துபோகும். தமிழ் வீடுகள் சேர்ந்து போட்டால் அஜந்தா வெல்வாள், போடாவிட்டால் வழியே இல்லை. இது எல்லாருக்கும் தெரியும். அவள் தகப்பன் சொல்லை நம்பினாள்.

யோகேந்திரன் கதிரையை விட்டு எழும்பாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை நிக்கிறா. ஞாயிற்றுக்கிழமை. தெரியும்தானே." எல்லா வீட்டிலும் "ஓம், ஓம்" என்றார்கள். ஓம் என்றால் சம்மதம் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

தொலைக்காட்சியில் முடிவு வந்தது. அஜந்தா தோற்றிருந்தாள். வித்தியாசம் பெரிதல்ல, எங்கள் சனம் வந்திருந்தால் தாண்டியிருக்கக்கூடிய வித்தியாசம்.

"கிறகரி அங்கிள், எங்கட ஆக்களை ஏத்தினனீங்களோ?" என்று அஜந்தா கேட்டாள்.

கிறகரி ஒரு ரோல்ஸை எடுத்தார். கடிக்கவில்லை. "எங்கட மாதா கோயில் ஆக்கள் கொஞ்சப் பேர் வந்தவை, பிள்ளை. மற்றவை கதவைத் திறந்து, எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை எண்டிச்சினம்."

"நான் சொன்னனான்!" என்றார் யோகேந்திரன்.

"போனிலை சொன்னனீங்கள் அண்ணை. இரவிச்சந்திரன் என்ன கேட்டவர் தெரியுமோ? 'நல்ல காரியத்துக்கு வீட்டை வந்து சொல்லுவினம். போனிலை சொல்லுறது செத்தவீட்டுக்கு. யோகேந்திரத்தார் வீட்டிலை ஆர் மோசம் போனது?' எண்டு கேட்டுப்போட்டு ஒரே சிரிப்பு."

யோகேந்திரன் சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டார். போன வருடம் அதே இரவிச்சந்திரன் மகனின் கலியாணத்துக்குப் போனில்தான் சொன்னான். அதற்காகவே அவர் போகவில்லை. ஆனால் அது வேறு. கலியாணத்துக்குச் சொல்லப் போகிறவன் விருந்து கொடுக்கப் போகிறான். வாக்குக்குப் போகிறவன் கையேந்தப் போகிறான். இந்த வித்தியாசம் விளங்காதவர்களோடு என்ன பேச்சு!

"அப்பா," என்றாள் அஜந்தா. "நாளைக்கு என்னோட வாங்கோ. வீடு வீடாய்ப் போய்ச் சொல்லுவம், பிழை எங்களிலை எண்டு. நாலு வருசம் கழிச்சுத் திரும்ப நிக்கலாம்."

"தோத்துப்போட்டுப் போய் வாசல்லை நிக்கிறதோ? நான் செத்தாலும் நடவாது."

"அப்ப நான் தனியப் போறன்."

"போ. ஆனா என்ர மகள் எண்டு சொல்லாமப் போ."

"இஞ்சேருங்கோ, பிள்ளையோட என்ன கதை கதைக்கிறியள்!" என்று குணேஸ்வரி பதறினார். அஜந்தா மேலங்கியைப் போட்டாள். தாய் கட்டிக் கொடுத்த ரோல்ஸை வாங்காமலே இறங்கினாள். கிறகரியும் பின்னால் போனார்.

யோகேந்திரன் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வந்தது; பரம்பரை விடவில்லை.

அஜந்தா சொன்னபடியே தனியாக வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்கள். "அப்பா வரேல்லையோ?" என்று கேட்டார்கள். பிழை எங்களிலைதான், அடுத்த தேர்தலிலை பாப்பம் என்றாள். "ஓம், ஓம்" என்றார்கள். தகப்பன் வந்து சொல்லாதவரை அந்த ஓமுக்கு என்ன பெறுமதி என்று இப்போது அவளுக்குத் தெரியும். பிறகு தேர்தலைப் பற்றி அவள் பேசியதில்லை.

தகப்பன் துரத்திவிட, அஜந்தா ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள் என்று டொலார்டில் உள்ள முருகன் கோயிலில் ஒரு கதை உலாவுகிறது. அது பொய். அவள் எங்கும் போகவில்லை. அடுத்த தெருவில் தன் வீட்டில்தான் இருக்கிறாள். தகப்பன் வீட்டுக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.