டிங்கிரியிட்டச் சொல்லு

தவளை தன்ட வாயாலதான் கெடுமெண்டு சும்மாவா சொன்னவை? நத்தார்ப் பண்டிகையண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா ஹெக்டருக்கு இந்தக் கதி வந்திருக்காது. கொட்டாஞ்சேனை வீட்டில தமையன் கிளறன்ஸின்ட குடும்பமெல்லாம் மேசையைச் சுத்தி இருக்கேக்குள்ள, பெண்சாதி மேபல் வெட்டி வச்ச கேக்கைக் கடிச்சுப்போட்டு, "இதால சுவர் கட்டலாம்" எண்டுட்டார் மனிசன். எல்லாரும் சிரிச்சினம். மேபல் சிரிக்கேல்லை. அண்டையோட புருசனோட கதையை விட்டுட்டா.

அடியோட விட்டவ எண்டும் சொல்லேலாது. மகள் ஷெரோமி டோஹாவுக்கு வேலைக்குப் போகேக்குள்ள ஒரு கினிபிக்கை விட்டுட்டுப் போனவள். எலியுமில்லை, முயலுமில்லை, வாலுமில்லாத ஒரு சாமான். பேர் டிங்கிரி. மேபல் கதைக்கிறதெல்லாம் அதோடதான்.

"டிங்கிரி, அவரிட்டச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது."

"நேர சொன்னா வாய் தேய்ஞ்சு போயிடுமோ?"

"டிங்கிரி, ஆரோ கதைக்கிற மாதிரிக் கேக்குது, என்ன?"

கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து "இஞ்சாருங்கோ" எண்டு கூப்பிட்ட வாய் அது. மாசியும் பிறந்திட்டுது, அந்த ஒரு சொல்லைக் காணேல்லை. அதைக் கேக்கோணுமெண்டு ஹெக்டருக்கு ஏக்கமெண்டா அப்பிடி ஒரு ஏக்கம்.

இந்த நேரம் பாத்து டிங்கிரி சாப்பாட்டை விட்டுட்டுது. பல் வளந்து நாக்கைக் குத்துதெண்டு மிருக டொக்டர் அராவி விட்டார். "புண் ஆறுமட்டும் சிரிஞ்சால ஊட்டுங்கோ. இதுகள் வெறும் வயித்தோட கிடந்தா செத்துப்போயிடும்" எண்டார். ஹெக்டர் ஆடிப்போனார். டிங்கிரி போனா வீட்டில இருக்கிற ஒரே ரெலிபோனும் கட்!

ஊட்டுறதுக்கு ரெண்டு பேர் வேணும். மேபல் டிங்கிரியைத் துவாயால சுத்தி மடியில வச்சிருந்தா. தீனியை ஊறவச்சு, மல்லியிலை அரைச்சுப் போட்டுக் கூழ் கரைச்சதும் அவதான். ஹெக்டர் அதை ஊசியில்லாத சிரிஞ்சில இழுத்தெடுத்தார்.

"டிங்கிரி, அவரிட்டச் சொல்லு, கடவாய்ப் பக்கத்தால மெல்ல மெல்ல விடச்சொல்லி. நேர விட்டாப் புரைக்கேறும்."

மனிசனுக்கு அவசரம். கொஞ்சம் கூட அமத்திப்போட்டார். டிங்கிரி அவ்வளவையும் அவரின்ட கையிலயும் சேட்டிலயும் துப்பிச்சுது. பிறகு வாயை இறுக்கி மூடினதுதான், திறக்கவேயில்லை.

மேபலுக்குக் கண் கலங்கிச்சுது. "வாயில்லாச் சீவனுக்குக்கூட என்ட கைச் சமையல் பிடிக்கேல்லை" எண்டு ஆரையும் பாக்காமச் சொன்னா.

ஹெக்டர் ஒண்டும் யோசிக்காமச் சிரிஞ்சைத் தன்ட வாயில வச்சு அமத்தினார். அம்மாடியோவ்! வைக்கோலை ஊறவச்சுக் குடிச்ச மாதிரி. கண்ணை மூடி விழுங்கினார்.

"டிங்கிரி, அவவிட்டச் சொல்லு, நல்ல ருசி. அண்டைக்குப் போட்ட கேக்கும் நல்ல ருசிதான். என்ட நாக்கிலதான் சனி."

மேபல் மூக்கை உறிஞ்சினா. "டிங்கிரி, அவரிட்டச் சொல்லு, சபையில சொன்னதைச் சபையிலதான் திருப்பி எடுக்கோணும்."

ஹெக்டர் கூழ்க் கையோடயே போனை எடுத்துத் தமையனுக்கு அடிச்சு ஸ்பீக்கரில போட்டார்.

"அண்ணே, நத்தாருக்கு மேபல் போட்ட கேக் இருக்கெல்லே? அது நல்ல கேக். நான் சொன்னது பிழை."

அந்தப் பக்கம் கிளறன்ஸ் ரீவியை நிப்பாட்டினது கேட்டுது.

"தம்பி," எண்டார் கிளறன்ஸ், குரலைத் தணிச்சு, "ஆர் செத்தது?"

மேபலுக்குச் சிரிப்பு வந்துதே ஒரு சிரிப்பு! மடி குலுங்கின குலுக்கத்தில துவாய் அவிழ்ந்துபோச்சு. டிங்கிரி தலையை நீட்டி அங்கயும் இங்கயும் மணந்து பாத்துது. பிறகு ஹெக்டரின்ட விரலில வழிஞ்ச கூழை நக்கத் தொடங்கிச்சுது.

"ஒருத்தரும் சாகேல்லை, அண்ணே," எண்டார் ஹெக்டர்.

"இஞ்சாருங்கோ," எண்டா மேபல், "கையை ஆட்டாதேங்கோ. பிள்ளை சாப்பிடுது."